சாதாரணப் பயனர்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் அறக்கட்டளை மருந்தகத்துக்கு மே மாதம் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாக வந்து நின்றது. இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. பதிவு மேசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கும் லூர்தம்மாள், அது ஏதோ யோசிக்கிறது என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தாள். அரை மணி நேரம் கழித்தும் யோசித்துக்கொண்டே இருந்தது. நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டி வடாபாவ் வண்டி வரைக்கும் நீண்டுவிட்டது.

பெட்டியோடு ஒரு கையேடு வந்திருந்தது. "படம் ஒன்றில் காட்டியுள்ள சின்னத்தை அழுத்தவும்" என்றது முதல் பக்கம். படம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கட்டத்துக்குள் பொடி எழுத்தில், "முகப்பு நிர்ணயிக்கப்பட்ட பின் படம் சேர்க்கப்படும்." படம் இரண்டும் அப்படியே. முப்பத்தொன்று வரைக்கும் அப்படியே. கடைசிப் பக்கத்தில் நிர்ணயக் குழுத் தலைவரின் புகைப்படம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

பழைய கம்ப்யூட்டரை, புதியதைக் கொண்டுவந்தவர்கள் கையோடு தூக்கிப்போயிருந்தார்கள்.

புதியதை இயக்கும் மென்பொருளுக்கு 'அலை' என்று பெயர். யூனிக்ஸ் வம்சம். யாரிடமும் உரிமம் கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டாம், லேசில் வைரஸ் அண்டாது, நம் ஆட்களே கட்டியது என்று சொல்லி, அறக்கட்டளையின் நாற்பது மருந்தகங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யூனிக்ஸ் வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றுதான். அதற்குப் போட்டுப் பார்க்கும் முகம் பல. பட்டை, சின்னங்கள், ஜன்னல்கள், மணி காட்டும் மூலை எல்லாம் சேர்ந்த அந்த முகத்துக்கு டெஸ்க்டாப் சூழல் அல்லது முகப்பு என்று பெயர். அதில் ஒரு டஜன் வகை இருக்கிறது, பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளத் தெரியாதவர்களுக்காக, பெட்டியைத் திறந்ததுமே தானாக வந்து நிற்கும் ஒன்று வேண்டும். அந்த ஒன்று எது என்று முடிவுசெய்யச் செம்பூரில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

இதெல்லாம் லூர்தம்மாளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது இருபத்தைந்தாம் தேதி. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பட்டியல் மாதாமாதம் அன்று மதியம் ஒரு மணிக்குள் கம்ப்யூட்டர் வழியாகக் கிடங்குக்குப் போக வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அடுத்த மாத மாத்திரை வரும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். காகிதமே இல்லாத நிர்வாகம் என்று கிடங்கு வாசலில் பெரிய காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மே இருபத்தைந்து தவறிப்போனது. டாக்டர் வந்தனா வாஷி மருந்தகத்துக்குப் போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி, அவர்கள் இருப்பிலிருந்து ஒரு மாத மாத்திரையைக் கைமாற்றாக வாங்கினாள்.

"லூர்து ஆன்ட்டி, அடுத்த மாசம் கோலி வருமா, இல்ல மறுபடி பஹிலேசே ஆரம்பிக்கணுமா?" என்று கேட்டாள் நுஸ்ரத். பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிற பெண். ஆறு மாத மாத்திரையில் இரண்டு முடித்திருந்தாள். இருமல் நின்று, நான்கு கிலோ கூடி, இப்போதுதான் முகத்தில் ரத்தம் தெரிந்தது.

"வரும் புள்ள. நான் இருக்கேன்லா" என்றாள் லூர்தம்மாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

குறைகேட்பு எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் குரல், "உங்கள் குறை பதிவாகிவிட்டது. அதன் நிலையை உங்கள் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி வைத்துவிட்டது. லூர்தம்மாள் திரையைப் பார்த்தாள். கோடு மின்னியது. மறுநாள் லீவு போட்டுவிட்டு சயானில் பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போனாள்.

முகப்பு நிர்ணயக் குழுவின் அலுவலகம் நான்கு மாடி. வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினான். வருகிறவர்கள் யார் என்று குறிக்க அதில் நான்கு கட்டம் இருந்தது: உறுப்பினர், ஆலோசகர், விற்பனையாளர், நிருபர்.

"நான் இதுல யாருமில்ல. கம்ப்யூட்டர்ல வேல செய்யுதவ."

காவலாளி பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மேலே போன் போட்டான். இரண்டே நிமிடத்தில் ஓர் அம்மாள் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடி வந்தாள். குழுவின் உறுப்பினர்-செயலர் ஷ்யாமளா.

"நீங்க யூசரா?" மூச்சு வாங்கியது.

"லூர்தம்மாளு. தாராவியிலேருந்து வாரேன்."

"அதில்ல. அலையை நிஜமாவே யூஸ் பண்றவாளான்னு கேட்டேன்."

"எங்க பண்ண விடுதீங்க? கருகருன்னு நிக்கி. அதக் கேக்கத்தான் வந்தேன்."

ஷ்யாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விதி பதினான்கின்படி ஒரு சாதாரணப் பயனரின் கருத்தைப் பதிவுசெய்யாமல் குழு எந்த முடிவும் எடுக்க முடியாது. அந்த நாற்காலி நான்கு வருடமாகக் காலி. விளம்பரம் கொடுத்தார்கள், விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் நிபுணர்களாக இருந்தார்கள். தன்னைச் சாதாரணன் என்று நிரூபித்து மூன்று பிரதியில் விண்ணப்பம் போடுகிறவன் எப்படிச் சாதாரணனாக இருக்க முடியும் என்று ஓர் ஆலோசகர் ஆட்சேபம் எழுப்ப, அதையும் நிறுத்திவிட்டார்கள். இந்தக் கட்டடத்துக்குள் ஒரு பயனர் தானாக நடந்து வந்தது இதுதான் முதல் தடவை.

அங்கேயே, வரவேற்பு மேசையில் வைத்து, தகுதித் தேர்வு நடந்தது.

"நீங்க எப்பவாவது வால்பேப்பர் மாத்தியிருக்கேளா?"

"எங்க வீட்டுச் செவுத்துக்கு சுண்ணாம்புதான்."

ஷ்யாமளா ஆனந்தமாக ஒரு டிக் போட்டாள். "டெஸ்க்டாப் எங்கே இருக்கணும்னு நெனக்கறேள்?"

"மேச மேலதான். கீழ வச்சா பெருச்சாளி ஒயரக் கடிச்சிரும்."

பதினெட்டுக் கேள்விக்குப் பதினெட்டு மதிப்பெண். இப்படி யாரும் வாங்கியதில்லை. "இவர் சாதாரணமானவர் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. ஓராண்டுக்குச் செல்லும்" என்று அச்சடித்து, லாமினேட் செய்து, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சாயங்காலம் அதைப் பார்த்த அவள் கணவர் ரெனால்ட், "இதத் தெரிஞ்சுக்க செம்பூர் வரைக்கும் போவணுமாக்கும்?" என்றார்.

புதன்கிழமைதோறும் கூட்டம். மருந்தகத்தில் டாக்டர் வந்தனா, "போங்க லூர்தம்மா, நாலு வாரந்தான் இருக்கு. எப்படியாவது ஏதோ ஒண்ண முடிவு பண்ண வச்சிட்டு வாங்க" என்று அனுப்பினாள்.

தலைவர் பஞ்சாபகேசனுக்கு எழுபத்தொரு வயது, மாட்டுங்காக்காரர். எல்லோருக்கும் பஞ்சு சார். ஒவ்வொரு கூட்டத்தையும் அவர் ஒரே உரையோடு தொடங்குவார்.

"எனக்குன்னு ஒரு அபிப்ராயமும் கிடையாது. நாப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு நாள்கூட இருந்ததில்லை. அதை மேலிடம் கவனிச்சுண்டே இருந்துதான் என்னைத் தலைவராப் போட்டா. இன்னிக்கு வரைக்கும் அந்த நம்பிக்கையைக் காப்பாத்திண்டு வரேன்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். சாதாரணப் பயனரும் தட்ட வேண்டும் என்று ஷ்யாமளா ஜாடை காட்டினாள். லூர்தம்மாள் தட்டினாள்.

சண்டை பட்டையைப் பற்றியது. திரையில் சின்னங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பட்டை மேலே இருக்கும் முகப்புதான் வேண்டும் என்பது அப்துல் வாஹிதின் கட்சி. கீழே இருக்கும் முகப்புதான் என்பது அஷ்வத்தின் கட்சி. இருவரும் நல்ல படிப்பாளிகள். நான்கு வருடமாக ஒரே கேன்டீனில் வேறு வேறு மூலையில் டீ குடிக்கிறவர்கள்.

"மனுசன் நிமிந்து நிக்கப் பொறந்தவன்" என்றார் அப்துல் வாஹித். "ஆண்டவன் கண்ண எங்க வச்சிருக்கான்? உச்சியில. முழங்கால்லயா வச்சான்? பட்டையக் கீழ வைக்கிறது ஒரு சமுதாயத்தையே குனிய வைக்கிற வேல சார்."

அஷ்வத் எழுந்தான். "சார், திஸ் இஸ் டூ மச். நம்ம கல்ச்சர் என்ன சொல்றது? மாட்டுங்கால எந்த ஹோட்டல்லயாவது போய்ப் பாருங்கோ. வாழையிலைல சட்னி, ஊறுகாய் எல்லாம் கீழதானே வைக்கறா?"

"மேலதான் வைக்காங்க" என்று லூர்தம்மாள் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்துவிட்டது.

அப்துல் வாஹிதின் முகம் மலர்ந்தது. அஷ்வத் விடவில்லை. "சாப்பிடறவா பக்கத்துலேருந்து பாத்தா மேல. பரிமாறறவா பக்கத்துலேருந்து பாத்தா? அது கீழ. இங்க யூசர் யாரு? சாப்பிடறவனா, பரிமாறறவனா? அதை முதல்ல டிஃபைன் பண்ணுங்கோ."

பஞ்சு சார் கண்களை மூடிக்கொண்டார். "கனமான பாயின்ட். நேர்ல ஆய்வு பண்ணாம இதுல ஒரு வார்த்தை சொல்லப்படாது."

அடுத்த இரண்டு புதன்கிழமையும் குழு மாட்டுங்காவில் கூடியது. ஜூன் மழை பிடித்துக்கொண்டது. சாதாரணப் பயனரை இலையின் முன் உட்கார வைத்து, எதிரே அஷ்வத்தும் பக்கவாட்டில் அப்துல் வாஹிதும் நின்று அளவெடுத்தார்கள். பஞ்சு சார் நடுநிலை தவறாமல் எல்லா வகையிலும் இரண்டு தடவை பரிமாறச் சொன்னார்.

"எது மேல, எது கீழ? மனசுல பட்டதைச் சொல்லுங்கோம்மா" என்றார் பாயசத்துக்கு நடுவில்.

"எனக்கு எதுனாலும் சரி சார். ரசம் போதும். இருபத்தஞ்சு நெருங்குது."

அடுத்த கூட்டத்தில் ஷ்யாமளா குறிப்பை வாசித்தாள்: "சாதாரணப் பயனர் இரு தரப்பையும் நிராகரித்து, நீர்ம நிலையிலான முகப்பு ஒன்றைக் கோரினார். இருபத்தைந்து என்ற எண்ணை வலியுறுத்தினார்." இருபத்தைந்து என்பது சின்னங்களின் எண்ணிக்கையா, பட்டையின் அகலமா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள்.

லூர்தம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஓட்டுப் போட்டுப் பாத்துரலாமே சார்?"

அந்த யோசனை ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் ஓட்டை அலையில்தான் போட வேண்டும் என்று விதி. முகப்பு முடிவாகாமல் ஓட்டுப்பெட்டி திறக்காது. கையைத் தூக்கலாம் என்றபோது, கையைத் தூக்குவதே மேல்பட்டைக்கு ஆதரவான சைகை என்று அஷ்வத் எழுத்துமூலம் ஆட்சேபித்திருந்தான்.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். உறுப்பினர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மடிக்கணினி திறந்திருந்தது. எல்லாவற்றிலும் வண்ண வண்ணமாகப் படம்.

"உங்க மிஷின்லல்லாம் படம் வருதே சார்?"

"இது அலை இல்லைம்மா" என்றார் பஞ்சு சார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இது கடைல வாங்கினது. அலையை நாங்க யூஸ் பண்ண ஆரம்பிச்சா பழகிடும். பழகிடுத்துன்னா பாரபட்சம் வந்துடும். நடுநிலையோட இருக்கணும்னா கிட்டவே போகப்படாது. நாலு வருஷமா ஒரு தடவை தொட்டதில்லை, தெரியுமோ?"

மறுபடியும் மேசையைத் தட்டினார்கள்.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஒரு கடிதம் இருந்தது. வாஷி மருந்தகத்தின் பதிவு எழுத்தர் ஜாபெஸ் எழுதியது. ஷ்யாமளா வாசித்தாள். "ஐயா, முகப்பு வராவிட்டாலும் பரவாயில்லை. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்தாலே நோயாளிப் பதிவேடு நன்றாக வேலை செய்கிறது. மே மாதப் பட்டியலை அப்படித்தான் அனுப்பினேன். மற்றவர்களுக்கும் சொன்னால் உதவியாக இருக்கும்."

அப்துல் வாஹிதும் அஷ்வத்தும் நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முகமே இல்லாம வேல பாத்திருக்கான்" என்றார் அப்துல் வாஹித்.

"பர்மிஷன் இல்லாம" என்றான் அஷ்வத். "இப்படி எல்லாரும் ஆரம்பிச்சா அப்புறம் நாம எதுக்கு?"

"அந்தக் கேள்வியைக் குறிப்புல சேக்க வேண்டாம்" என்றார் பஞ்சு சார். தீர்மானம் ஐந்து நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஜாபெஸின் கம்ப்யூட்டர் சான்றுப்பொருள். விசாரணை முடியும்வரை துணி போட்டுக் கட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டியது. நான்கு வருடத்தில் குழு எடுத்த முதல் முடிவு என்று ஷ்யாமளா தேதியோடு பதிவுசெய்தாள்.

லூர்தம்மாள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். அன்று தேதி இருபத்துநான்கு. வாஷியில் முத்திரை வைத்துவிட்டால் இனி அங்கிருந்து கைமாற்றும் கிடையாது. ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் இன்னொன்றும் ஓடியது: கறுப்பிலேயே வேலை நடக்குமா?

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்ததும் அவள் இயந்திர அறையைத் தேடிக் கீழே போனாள். அங்கே சாயிமா என்கிற டெக்னீஷியன் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கறுப்புத் திரை ஒன்றில் ஏதோ சரசரவென்று தட்டிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின.

"ஏம்மா, இதுல முகப்பு இல்லாமயே வேல நடக்குமா?"

"பின்ன? இந்த பில்டிங்ல லிஃப்ட், சம்பளம், அட்டெண்டன்ஸ் சப் குச் இதுலதான் ஓடுது." சாயிமா சப்பாத்தியைக் கிழித்தாள். "உங்க பதிவேடு முகப்புக்குள்ள இல்ல ஆன்ட்டி. அது அலக், தனி. இங்க நாலு வரி தட்டினா வந்துரும்."

"அப்பம் இத ஏன் மேல யாருக்கிட்டயும் சொல்லல?"

"என்னய யாரு கேட்டா?"

கேன்டீன் கூப்பனின் பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்து ஐந்தாவதாக ஒன்றும் எழுதினாள். "ஒருநாள் அந்த முகப்பு வந்து தொலைச்சா, இந்த மூணு பட்டனையும் ஒண்ணா அமுக்குங்க. கருப்பு வந்துரும்."

இருபத்தைந்தாம் தேதி காலை எட்டரை மணிக்கு லூர்தம்மாள் மருந்தகத்தைத் திறந்தாள். இயேசுவே என்று சொல்லி முதல் வரியைத் தட்டினாள். பெயர் கேட்டது. கொடுத்தாள். இரண்டாம் வரி, மூன்றாம் வரி. பதிவேடு திறந்தது. படமில்லை, வண்ணமில்லை, பெயர், வயது, எடை, எத்தனையாவது மாதம் என்று நான்கே கேள்வி. நுஸ்ரத் உட்பட நாற்பத்துமூன்று பெயர். பதினொன்றரைக்கு நான்காம் வரியைத் தட்டினாள். "அனுப்பப்பட்டது" என்று ஒரு சொல் வந்தது. அவள் டாக்டர் வந்தனாவின் அறைக்கு ஓடினாள்; வாசலில் நின்றே கையை ஆட்டினாள். மூன்றாம் நாள் மாத்திரைப் பெட்டி வந்து இறங்கியது.

சேதி மெல்லப் பரவியது. குர்லாவிலிருந்து ஒரு எழுத்தர் வந்தார், மான்கூர்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். லூர்தம்மாள் கூப்பனைப் பார்த்து எழுதிக்கொள்ள விட்டாள். எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கைதான்: "யாரு கேட்டாலும் படம் வரலன்னு மட்டும் சொல்லுங்க. பொய்யில்லல்லா. கடுதாசி கிடுதாசி எழுதிராதீங்க. ஜாபெஸ் பாவம், மிஷினுக்குத் துணி கட்டி உக்காந்திருக்கான்."

ஆகஸ்டில் குழு தன் அரையாண்டு அறிக்கையை வெளியிட்டது. நாற்பது மருந்தகங்களில் முப்பத்தொன்பதிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. குழு விவாதித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே பயனர்களுக்குப் பெரும் நிம்மதி தருகிறது என்பது இதனால் தெளிவாகிறது என்று பஞ்சு சார் முன்னுரையில் எழுதியிருந்தார். குழுவின் பதவிக்காலம் மூன்று வருடம் நீட்டிக்கப்பட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த அறிக்கையோடு இணைத்திருந்த கையேட்டை மேலிடத்தில் யாரோ புரட்டிப் பார்த்துவிட்டார்கள். முப்பத்தொரு கட்டமும் ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. பதில் இந்த மாதமே வேண்டும். முடிவாகும் முகப்பை முதலில் குழுவின் அலுவலகமே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாகவும் இருந்தது. ஒரே வாரத்தில் சமரசம் பிறந்தது. மேலேயும் பட்டை, கீழேயும் பட்டை. துணைக்குழுக்கள் மனம் நோகக் கூடாது என்று இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. நான்கிலும் கடிகாரம். திறப்பு விழாவை, சான்றிதழ் பெற்ற ஒரே சாதாரணப் பயனரின் மேசையிலேயே நடத்துவது என்று தீர்மானமானது. தேதி ஆகஸ்ட் இருபத்தைந்து.

"வேற நாளே கெடைக்கலையா இவங்களுக்கு?" என்றாள் டாக்டர் வந்தனா. நுஸ்ரத்துக்கு அது கடைசி மாத மாத்திரை.

பத்து மணிக்கு இரண்டு கார் வந்தது. வரிசையைச் சுவரோரம் ஒதுக்கி, பதிவு மேசைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். பஞ்சு சார் ரிப்பனை வெட்டி, லூர்தம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்தார். புது முகப்பு திரையில் விரிந்தது. நான்கு பக்கமும் பட்டைகள் தடிதடியாக நின்றன. நடுவில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடம் மிஞ்சியது.

"முதல் பெயரை நானே பதியறேன். யாரும்மா? வாங்கோ."

நுஸ்ரத் முன்னால் வந்தாள். பதிவேடு அந்தத் தீப்பெட்டிக்குள் திறந்தது. 'பெ' என்ற எழுத்து மட்டும் தெரிந்தது.

"மேல்பட்டையைக் கொஞ்சம் சுருக்கினா வந்துடும்" என்றான் அஷ்வத்.

"கீழ உள்ளதச் சுருக்குங்க தம்பி."

"சுருக்கறதுன்னா தீர்மானத்தைத் திருத்தணும்" என்றாள் ஷ்யாமளா.

அங்கேயே நின்றபடி அவசரக் கூட்டம் தொடங்கியது. பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. பஞ்சு சார் தமக்கு ஒரு அபிப்ராயமும் இல்லை என்பதை இரண்டு தடவை விளக்கினார். சுவரோரம் ஒரு கிழவர் இருமத் தொடங்கி நிறுத்த முடியாமல் குத்தவைத்து உட்கார்ந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு லூர்தம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மற்ற நாற்பத்திரண்டு பெயரையும் முந்தின நாளே ஏற்றியிருந்தாள். நுஸ்ரத்தின் எடையை அன்று காலைதான் பார்க்க வேண்டியிருந்தது.

"சார், கொஞ்சம் நவுருங்க."

பஞ்சு சார் தன்னையறியாமல் நகர்ந்தார். அவள் குனிந்து மூன்று பட்டனையும் ஒன்றாக அமுக்கினாள். பட்டைகள், கடிகாரங்கள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்தன. கறுப்பில் வெள்ளைக் கோடு மின்னியது. நின்றபடியே தட்டினாள்: நுஸ்ரத், இருபத்திரண்டு, நாற்பத்தாறு கிலோ, ஆறாவது மாதம். நான்காம் வரி. அனுப்பப்பட்டது. மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

நிமிர்ந்தபோது குழு முழுவதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சு சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"ரொம்ப நன்னா இருக்கே இது! கண்ணை உறுத்தலை. சட்டுனு முடிஞ்சுடுத்து. யாரோட டிசைன்? எந்தத் துணைக்குழு?"

ஷ்யாமளா பேனாவைத் திறந்தாள்.

பேனா திறந்த சத்தத்தில் லூர்தம்மாளுக்கு வாஷி மேசையில் துணி சுற்றி அரக்கு வைத்த பெட்டி கண்முன் வந்தது. பிறகு முப்பத்தொன்பது பெட்டிகளும் துணி சுற்றி வந்தன.

"டிசைனெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள். "மிஷின் செத்துப்போச்சு."

"எழுத்தெல்லாம் கிடுகிடுன்னு ஓடித்தே?"

"உசிரு போவும்போது அப்படித்தான் சார் இழுத்துக்கிட்டு ஓடும்."

பஞ்சு சார் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். "ஹார்ட்வேர் நம்ம வரம்புக்குள்ள வராது" என்றார் பிறகு. "முகப்பு வெற்றிகரமாத் திறந்துவைக்கப்பட்டதுன்னு மட்டும் போடுங்கோ. வாங்கோ, மாட்டுங்கால இலை போட நேரமாயிடும்."

கார்க் கதவுகள் மூடுகிற சத்தம் கேட்டது. "கிழவர முதல்ல கூப்பிடு புள்ள" என்று நுஸ்ரத்திடம் சொல்லிவிட்டு, லூர்தம்மாள் அறுந்த ரிப்பனைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். வாசலில் நிழலாடியது. ஷ்யாமளா மட்டும் திரும்பி வந்திருந்தாள்.

"கைப்பையை விட்டுட்டேன்" என்றாள். கைப்பை தோளிலேயே தொங்கியது. உள்ளே நோயாளிகளைத் தவிர யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கிட்டே வந்தாள். "லூர்தம்மா, காலைலேருந்து எங்க ஆபீஸ்லயும் அந்த நாலு பட்டைதான். ஒரு லெட்டர் அடிக்க முடியலை. என் லீவு அப்ளிகேஷன்கூட உள்ள மாட்டிண்டிருக்கு. அந்த மூணு பட்டன் எது?" பேனாவையும் நோட்டையும் எடுத்தாள். "சொல்லுங்கோ, எழுதிக்கறேன்."

"எழுதாதீங்க" என்றாள் லூர்தம்மாள். "அத உள்ள வைங்க. கையக் கொடுங்க."

ஷ்யாமளாவின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பட்டன்களின் மேல் வைத்தாள். முதல் தடவை நான்கு பட்டையும் திரும்பி வந்தன, வேறெதையோ அமுக்கிவிட்டாள். இரண்டாவது தடவை விரல் நழுவியது. மூன்றாவது தடவை திரை பளிச்சென்று கறுத்தது. நான்கு வருடம் குறிப்பெழுதிய உறுப்பினர்-செயலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே காரில் ஹாரன் அடித்தார்கள்.